மொத்தக் கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா, தனி இன்ஜினியரா: சைட்டில் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க எது தோது?

வீடு கட்டப்போகிறவர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் பெரும்பாலும் சதுர அடி ரேட்டைச் சுற்றித்தான் இருக்கும். கொஞ்ச நாளாக இன்னொரு கேள்வியும் வருகிறது, அதுவும் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு மதுரைப் பக்கம் ஆனையூரிலோ ஒத்தக்கடையிலோ நாகமலை புதுக்கோட்டையிலோ வீடு கட்டுகிறவர்களிடமிருந்து. சைட்டில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, எப்படி ஒப்பந்தம் போட்டால் அந்தத் தலைவலி நமக்கு வராது என்று கேட்கிறார்கள். கேள்வியின் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இதைக் கேட்கிற அளவுக்காவது வந்திருக்கிறார்களே. ஒப்பந்தத்தை மாற்றி எழுதினால் தலைவலி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், அவ்வளவுதான். சாரத்திலிருந்து ஆள் விழாமல் இருக்க வேண்டுமென்றால் பணம், நாள், வேலையை நிறுத்துகிற அதிகாரம் இந்த மூன்றும் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் கீழே மூன்று வழிகளையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

## இது ஏன் வீட்டுக்காரர் வரைக்கும் வருகிறது

பிரிட்டனில் கட்டுமான வேலை கொடுப்பவருக்கும் பாதுகாப்பில் கடமை உண்டு என்று 1994-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். 2015-ல் வந்த புது விதிப்படி, சொந்த வீட்டு வேலை கொடுப்பவரின் கடமை வழக்கமாகக் கான்ட்ராக்டர் மேல் போய்விடும். ஆனால் அங்கே அந்தக் கான்ட்ராக்டரைக் கேள்வி கேட்க ஆய்வாளர் இருக்கிறார்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் மத்தியச் சட்டம் வந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம் அதில் வராது, 10 லட்சத்துக்குள் கட்டுகிற சொந்த வீடும் வராது. அதற்குப் பதிலாக 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக்கிவிட்டது. மதுரையைச் சுற்றி ஒரு குடும்பம் தனக்கென்று கட்டுகிற வீடுகளில் எத்தனை இந்த வரம்பைத் தாண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இது போக, 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே உறுதி கொடுக்கிற சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, அதிகாரி முன்கூட்டி வந்து பார்ப்பதில்லை. வீடு கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் சாரம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று வெளியாள் ஒருவர் வந்து பார்க்க வாய்ப்பே இல்லாமல் வீடு முடிந்துவிடுகிறது.

2021 ஆகஸ்டில் மதுரை நத்தம் சாலை மேம்பால வேலையில் ஒரு பகுதி சரிந்து உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் இறந்தபோது நாடு முழுக்கப் பேசினார்கள். மாடி வீட்டுச் சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்தால் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வரும். பாலத்தை விசாரிக்க ஆள் இருக்கிறது. வீட்டு சைட்டில் கேட்பதற்கு வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் இல்லை.

## எதை வைத்துப் பார்ப்பது

ரேட்டையும் தரத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது இவற்றைத்தான்:

- "இன்றைக்கு வேலை வேண்டாம், இறங்குங்கள்" என்று சொல்லவும் சொன்னால் கேட்க வைக்கவும் யாரால் முடியும்?
- சாரம், ஹெல்மெட், முட்டு (கான்கிரீட் இறுகும்வரை தளத்தையும் பீமையும் தாங்கி நிற்கிற கால்) இதற்கான பணம் தனியாகக் கண்ணுக்குத் தெரிகிறதா, சதுர அடி ரேட்டுக்குள் கரைந்துவிட்டதா?
- விவரம் தெரிந்த ஒருவர் தினமும் சைட்டில் இருப்பாரா?
- அவசரம் எங்கிருந்து வருகிறது?
- அசம்பாவிதம் நடந்தால் அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கட்டுவது, பிறகு யார் பதில் சொல்வது?

நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலான விபத்துக்கு விதை அங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

## வழி 1: மொத்தக் கான்ட்ராக்ட்

பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கிற முறை. வெளியூரில் இருப்பவருக்கு வேறு வழி இல்லை என்று தோன்றும், ஓரளவு உண்மையும்கூட. நல்ல கான்ட்ராக்டர் கிடைத்தால் இரும்புச் சாரம், ஜாக்கி, பழகிய ஆட்கள் எல்லாம் அவரிடமே இருக்கும். பாதுகாப்புக்கும் அது பெரிய பலம்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. நீங்கள் பேசியது ஒரு கான்ட்ராக்டரிடம், சைட்டில் நிற்பதோ கொத்து வேலைக்கு ஒரு மேஸ்திரி, கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கிற சென்ட்ரிங்குக்கு வேறொருவர், கம்பிக்கு இன்னொருவர், கரண்ட், டைல்ஸ், பெயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உள் ஒப்பந்தம். ஒவ்வொரு கை மாறும்போதும் ரேட் கொஞ்சம் குறையும். அப்படிக் குறையும்போது சிமென்ட்டில் கை வைத்தால் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும், சாரத்துப் பலகையில் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. நாலு பேரிடம் ரேட் கேட்டு ஆகக் குறைவாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தீர்கள் என்றால், அவர் எதை விட்டுவிட்டு அந்த ரேட்டைச் சொன்னார் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு சென்ட்ரிங் சாமான். அது நாள் வாடகையில் ஓடுகிறது, அடுத்த சைட்டில் அதற்கு ஆள் காத்திருக்கிறது, ரூஃப் போட்டால்தான் அடுத்த தவணை வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் முட்டைச் சீக்கிரம் உருவச் சொல்லும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 சொல்வது இது: தாங்குகிற சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. அதுவும் சாதாரண சிமென்ட்டுக்குச் சொன்ன நாள், நம் சைட்டுகளில் அதிகம் இறங்குகிற, மெதுவாக இறுகும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். ரூஃப் போட்ட தேதியை நீங்களே காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு முட்டு எடுக்கும் முன் ஒரு போன் பண்ணச் சொன்னால், காசே செலவில்லாமல் ஒரு பெரிய ஆபத்து குறைகிறது.

இந்த வழி யாருக்குச் சரி? சொந்த ஆட்களும் சொந்தச் சாரமும் வைத்திருக்கிற, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் நகலைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் கிடைத்தவர்களுக்கு. காப்பீட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. கட்டுமான வேலைக்கென்று எடுக்கிற பாலிசி கட்டடத்துக்கும் மூன்றாம் நபருக்கும்தான், வேலை செய்கிறவருக்கு இழப்பீட்டுப் பாலிசி தனி. "இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்றால் எது இருக்கிறது என்று கேளுங்கள்.

## வழி 2: லேபர் கான்ட்ராக்ட்

சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் நாம் வாங்கிப் போட, மேஸ்திரி கூலிக்கு மட்டும் பேசிக்கொள்வது. மதுரைப் பக்கம் கிராமங்களில் இன்றைக்கும் இதுதான் அதிகம். வீட்டுக்காரர் தினமும் சைட்டில் இருப்பார், கொத்தனாரையும் சித்தாளையும் நிமிந்தாளையும் (கொத்தனாருக்கு உதவுகிற ஆண் ஆள்) பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகிவிடுவார். "அண்ணே, அந்தப் பலகை ஆடுது, மாத்திட்டு ஏறுங்க" என்று சொன்னால் உடனே நடக்கும். வேலையை நிறுத்துகிற அதிகாரம் மூன்று வழிகளிலும் இங்கேதான் வீட்டுக்காரருக்கு அதிகம்.

ஆனால் அதிகாரம் இருந்து என்ன செய்ய, எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டுமே. செங்கல்லை எண்ணுவார், சிமென்ட் மூட்டையை எண்ணுவார், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுகிற பள்ளத்தின் ஓரத்திலேயே மண்ணைக் குவித்திருப்பது கண்ணில் படாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் தடுப்புக் கொடுக்க வேண்டும், அல்லது சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும், கெட்டிப்பாறைக்கு மட்டும்தான் விலக்கு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கக் கரிசலில் ஒரு மழை பெய்தால் பள்ளத்துச் சுவர் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஓட்டை, பொருள் யாருடையது என்பதில். சவுக்குக் கம்பும் கயிறும் மேஸ்திரி கொண்டுவருவார் என்று வீட்டுக்காரர் நினைப்பார், பொருளெல்லாம் வீட்டுக்காரர் கணக்கு என்று மேஸ்திரி நினைப்பார், கடைசியில் பழைய கம்பும் நைந்த கயிறும்தான் வரும். ஹெல்மெட்டும் கம்பூட்ஸும் இரண்டு பேர் கணக்கிலும் இருக்காது. லேபர் கான்ட்ராக்டில் மிச்சம் பிடிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இந்தச் சாமான்களைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

விபத்து நடந்தால்? மேஸ்திரியிடம் அடுத்த சனிக்கிழமை சம்பளத்துக்கே பணம் இருக்காது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர்தான் நிற்க வேண்டும். உயிர் போய்விட்டால் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் வழக்கு வரலாம், அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. "நான் ஏறச் சொல்லலையே" என்று சொன்னால் செல்லுமா என்பது சந்தேகம், ஏனென்றால் இந்த முறையில் எல்லாவற்றையும் சொன்னது நீங்கள்தான்.

தரைத்தளம் மட்டும், அல்லது ஒரு மாடி. வீடு பக்கத்துத் தெருவில். மேஸ்திரி பல வருஷப் பழக்கம். விவரம் தெரிந்த அப்பாவோ மாமாவோ முழு நாளும் நிற்பார். இந்த நாலும் இருந்தால் தாராளமாக இதில் போகலாம், ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

## வழி 3: கான்ட்ராக்டர் ஒருவர், நம் சம்பளத்தில் இன்ஜினியர் ஒருவர்

கட்டுவது கான்ட்ராக்டர், பார்ப்பது நாம் தனியாக அமர்த்துகிற சிவில் இன்ஜினியர். கட்டணம் மொத்தச் செலவில் சதவீதமாகவோ, ஒவ்வொரு வருகைக்கு இவ்வளவு என்றோ இருக்கும். இது பணக்காரர் வேலை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மாடுலர் கிச்சனுக்குப் பணம் எடுத்துவைக்கிறவருக்கு இது முடியாத செலவு ஒன்றும் இல்லை.

இதிலும் ஏமாற இடமிருக்கிறது. பிளானில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரே பார்ப்பார் என்பார்கள். அவருக்கு அடுத்த பத்து வேலை கொடுக்கப்போவது அந்தக் கான்ட்ராக்டர் என்றால் அவர் யார் ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், பல இன்ஜினியர்கள் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மட்டும் வருவார்கள், கம்பி கட்டியதைச் செக் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள், தரம் பார்க்கத்தான் நம்மைக் கூப்பிட்டார்கள் என்ற எண்ணம். வானம் தோண்டும் நாள், சாரம் கட்டிய நாள், முட்டு எடுக்கும் நாள், சம்ப்பும் (தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்க்கும் திறக்கும் நாள், இந்த நாலு நாளும் கட்டாயம் வர வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அவர் "நிறுத்து" என்றால் கான்ட்ராக்டர் நிறுத்தியாக வேண்டும் என்பது கான்ட்ராக்டருடைய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிற ஆளாக மட்டும் இருப்பார்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டுகிறவர்கள், இரண்டு மாடிக்கு மேல் போகிறவர்கள், கல்யாண மண்டபம், கிளினிக், பள்ளிக் கட்டடம் என்று பெரிதாகக் கட்டுகிறவர்கள் வேறு வழியைப் பார்க்கவே வேண்டாம். சட்டப்படி பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது கட்டுமானத்தில் 250 தொழிலாளர்கள் இருந்தால்தான், நம் ஊர் மண்டபங்கள் அந்த எண்ணிக்கையைத் தொடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மொத்தக் கான்ட்ராக்ட் | லேபர் கான்ட்ராக்ட் | கான்ட்ராக்டர் + தனி இன்ஜினியர் |
|---|---|---|---|
| வேலையை நிறுத்த யாரால் முடியும் | கான்ட்ராக்டர். வீட்டுக்காரர் தவணையைப் பிடித்துவைத்தால் மட்டும் | வீட்டுக்காரர், உடனே | இன்ஜினியர், எழுதியிருந்தால் |
| பாதுகாப்புப் பணம் தெரியுமா | ரேட்டுக்குள் மறைந்திருக்கும் | தெரியும், ஆனால் யாரும் ஒதுக்குவதில்லை | தனி வரியாக எழுதவைக்கலாம் |
| விவரம் தெரிந்தவர் சைட்டில் | சூப்பர்வைசர் இருந்தால் | மேஸ்திரி மட்டும் | முக்கிய நாட்களில் |
| அவசரம் எங்கிருந்து | தவணை, சென்ட்ரிங் வாடகை | வீட்டுக்காரர் வைத்த தேதி | இரண்டும், ஆனால் தட்டிக் கேட்க ஆள் உண்டு |
| மறைந்திருக்கும் செலவு | உள் ஒப்பந்தத்தில் வெட்டுப்படுவது | சாரம், ஆஸ்பத்திரி, வழக்கு | இன்ஜினியர் கட்டணம், உரசல் |

நாள்கூலிக்கு ஆள் பிடித்துச் செய்கிற சில்லறை வேலையை இதில் சேர்க்கவில்லை. பெயிண்ட், கைப்பிடிச்சுவர் ஒட்டுப்போடுவது, ஷீட் மாற்றுவது போன்ற வேலைக்கு ஒப்பந்தமே இருக்காது, ஏணியும் பெரும்பாலும் நம் வீட்டு ஏணிதான். அங்கே முழுப் பொறுப்பும் நமக்கு, ஒப்பிட ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால், சைட்டுக்குத் தினமும் போக முடியாதவர்களுக்கு மூன்றாவது வழி. பட்ஜெட் இடிக்கிறது என்றால் முழு மேற்பார்வை வேண்டாம், மேலே சொன்ன நாலு நாளுக்கு மட்டும் வருகைக் கட்டணம் பேசி மொத்தக் கான்ட்ராக்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எந்த வழியில் போனாலும் வீட்டுக்காரர் மட்டுமே செய்யக்கூடியவை

முதலில் தேதி. ஆவணியிலோ தையிலோ கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அப்புறம் மேஸ்திரியை விரட்டுகிறோம். வெளிச்சம் போன பிறகு பூச்சு, மழை ஈரத்தோடு சாரம், நாள் கணக்குப் பார்க்காமல் முட்டு எடுப்பது எல்லாம் அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். நிலை வைக்க நல்ல நேரம் பார்த்து நிமிஷம் பிசகாமல் நிற்கிற நாம், பூச்சு முடிந்து சாரம் இறங்கிய பிறகு நாள் குறித்தால் என்ன? ஜோசியர் அடுத்த முகூர்த்தம் கொடுக்கத்தான் போகிறார்.

அடுத்தது கரண்ட் லைன். வீட்டுக்கு முன்னால் போகிற ஈ.பி. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் விட வேண்டும், பால்கனியை வெளியே இழுத்து அந்த இடைவெளியை நாமே தின்றுவிடுகிறோம். நீளக் கம்பியை மாடிக்குத் தூக்கும்போது லைனில் பட்டு ஆள் போவது இப்படித்தான். லைனை மாற்ற விண்ணப்பிக்க வேண்டியது மனைக்காரர், பிளான் போடும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். தற்காலிக இணைப்பில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். ஈரத்தில் மிதித்துக்கொண்டு கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடிக்கிறவரின் உயிர் அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிறது.

மூன்றாவது சம்ப், செப்டிக் டேங்க். புதுத் தொட்டிதானே, கழிவே விழவில்லையே என்று மூடி திறந்தவுடன் சென்ட்ரிங் பலகை உருவ ஆளை இறக்குகிறார்கள். பல நாள் மூடிக் கிடந்த தொட்டியில் தேங்கிய தண்ணீரும் ஊறி மக்குகிற பலகையும் உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். வாடை எதுவும் தெரியாது. இறங்கினவர் மயங்கி விழ, தூக்கப்போன இரண்டாவது ஆளும் விழுவார். மூடிகள் எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிட்டு, புளோயரால் காற்றடித்து, காற்றைக் கருவி வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் சரி என்ற பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்கத்தான் இறக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லை என்றால் யாரும் இறங்க வேண்டாம். எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மதிய இடைவேளையை நீட்டி காலையில் சீக்கிரம் ஆரம்பிப்பது, குடிக்க நல்ல தண்ணீர், சித்தாள் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு தற்காலிகக் கழிப்பறை, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. 18 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் அந்த வாரியம் 1994-லிருந்து இருக்கிறது, இருந்தும் சைட்டில் கார்டைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். முதல் வாரமே கேளுங்கள். இல்லாதவரை ஒரு அரை நாள் சம்பளத்தோடு அனுப்பிப் பதிவு செய்துவரச் சொன்னால் அவர் வீட்டுக்கு அது பெரிய காரியம்.

கடைசியாகப் பணம். ரேட் கேட்கும்போதே பாதுகாப்பைத் தனி வரியாகப் போடச் சொல்லி எல்லாக் கான்ட்ராக்டரிடமும் ஒரே பட்டியலைக் கொடுங்கள். 1,200 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24,000 ரூபாய். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், இடுப்போடு தோளையும் பிடிக்கிற பெல்ட் இரண்டு, வலை, கையுறை, கம்பூட்ஸ், படிக்கட்டுத் திறப்பைச் சுற்றித் தடுப்பு என்று ஆரம்பிக்க அது போதும். இந்த வரியில் பேரம் பேசாதீர்கள், வாங்கிய சாமானுக்கு பில் காட்டினால் மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதவேண்டியதை மாதிரிக்குத் தருகிறேன்:

"பாதுகாப்புச் சாமான்களுக்கான தொகை தனியாக, பில்லின்படி வழங்கப்படும். மேற்பார்வை இன்ஜினியரோ வீட்டு உரிமையாளரோ ஆபத்து என்று சொன்னால் அந்த இடத்தில் வேலை நிறுத்தப்படும், அதனால் ஆகும் தாமதத்துக்குக் கான்ட்ராக்டரிடம் அபராதம் பிடிக்கப்படாது. முட்டு எடுக்கும் முன்பும் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன்பும் எழுத்தில் சம்மதம் பெறப்படும். உள் ஒப்பந்த ஆட்களுக்கும் இது பொருந்தும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு நகலைக் கொடுத்த பிறகே முதல் தவணை."

இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிற "அபராதம் பிடிக்கப்படாது" என்பதை எடுத்துவிடச் சொல்லி வீட்டில் யாராவது சொல்வார்கள், தாமதத்துக்கு நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. அதை எடுத்தால் மற்ற வாக்கியங்களை எழுதியும் பயனில்லை, எந்தக் கான்ட்ராக்டரும் நிறுத்த மாட்டார். முதல் தவணைக்கு முன் காப்பீட்டு நகல் என்றதும் முகம் சுளிக்கிறவர் ரேட்டில் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுங்கள்.